சதுரங்க வீரர் டாலும் அவரைப் பற்றிய நூல்களும்



'நான் விரும்பிப் பயின்ற நூல்கள்' என்னும் வரிசையில் உரையாற்ற வேண்டும் என்று வானொலி நிலையத்தார் எனக்கு எழுதியபோது, என்னை அறிந்தவர்கள், நான் கணித நூல்களைப் பற்றியோ, அறநூல்களைப் பற்றியோ பேசப் போகிறேன் என்று எண்ணியிருப்பார்கள். முப்பத்தைந்து ஆண்டு கணிதம் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவனிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது? ஆனால் நான் தேர்ந்துகொண்ட பொருள் அவற்றுள் ஒன்றும் அன்று. ஒரு சதுரங்க வீரர் எழுதிய நூல்களையும், அவரைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்களையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவ்வீரர் பெயர் மிகயில் டால்.

சதுரங்கம் ஆடத் தெரியாதவர்கள் வானொலிப் பெட்டியை மூடிவிட வேண்டாம். எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போயிற்று என்று சொல்லி உங்களைச் சலிப்படையச் செய்யமாட்டேன். ஒரு மனிதன் தன் அறிவு வேலை செய்த விதத்தை எவ்வளவு நேர்மையாக எழுத முடியும் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். தேர்வு எழுதும் மாணவர் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் ஆளை அறிமுகம் செய்துவைக்கிறேன். டால் 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், லாத்வியா நாட்டின் தலைநகராகிய ரீகாவில் பிறந்தவர். தந்தையார் மருத்துவர். பிறவியிலேயே டாலின் வலக்கையில் விரற்குறை இருந்தது. அதைக் காரணம் காட்டி அவர் எதனின்றும் ஒதுங்கியவர் அல்லர்; அக்கையோடே பியானோ வாசிக்கவும் கற்றார். பதினைந்து வயதில் பல்கலைக்கழகம் புகுந்து இலக்கியம் பயின்றார். பட்டத்துக்காக அவர் ஆராய்ந்த பொருள், இல்ஃப், பெத்ரோவ் என்னும் இரட்டையர் எழுதிய அங்கத இலக்கியம். அவ்விருவரின் 'பன்னிரண்டு நாற்காலிகள்' என்னும் நாவலில் ஒரு வேடிக்கைப் பகுதி உண்டு. சதுரங்கம் சரிவரத் தெரியாத எத்தன் ஒருவன், தன்னைப் பெரும் வீரன் என்று சொல்லிக்கொண்டு, ஒரு சிற்றூர்க் கழகத்தில் பலரோடு ஒரே வேளையில் ஆட அமர்கிறான். தோல்வி நெருங்கியதும் ஓட்டம் பிடிக்கிறான். சதுரங்கத்தையே கேலி செய்யும் அந்தப் பக்கங்களை உலகச் சதுரங்க வீரர் ஒருவர் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தம்மைத் தாமே நகைத்துக்கொள்ளும் பண்பு அவரிடம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். சிறிது காலம் ரீகாவில் பள்ளி ஆசிரியராகவும் அவர் பணிபுரிந்தார். என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் எனக்கு அவரிடம் இன்னும் சற்றுக் கூடுதலான உரிமை.

1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் சோவியத் நாட்டின் வாகையர். 1959-இல் யுகோசுலாவியாவில் நடந்த தகுதிப் போட்டியில் 28 ஆட்டங்களில் 20 புள்ளி பெற்று முதலிடம் கொண்டார். அப்போது பதினாறு வயதுச் சிறுவனாக இருந்த அமெரிக்காவின் பாபி ஃபிஷரை ஆடிய நான்கு ஆட்டங்களிலும் வென்றார். 1960-இல் மிகயில் பொத்வின்னிக்கை வீழ்த்தி உலக வாகையர் ஆனபோது அவருக்கு வயது 23. அதுவரை அவ்வளவு இளமையில் அப்பட்டத்தை எவரும் பெற்றதில்லை. 1985-இல் கஸ்பரோவ் 22 வயதில் அந்த எல்லையைக் கடந்தார். 2024-இல் நம் சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் பட்டம் வென்று, எல்லையை எங்கோ கொண்டுபோய் வைத்தார்.

டாலுக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. சென்னையில் இருந்த சோவியத் பண்பாட்டு நிலையத்தில் டாலின் பெயரைத் தாங்கிய சதுரங்கக் கழகம் ஒன்று நடைபெற்றது. விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது ஆடிப் பழகியது அங்கேதான்.

இனி நூல்களுக்கு வருகிறேன்.

என் கைக்கு முதலில் வந்தது அவரைப் பற்றிப் பிறர் எழுதிய நூல். 1982-இல் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றுவது வழக்கம். 1985-இல் அந்த மார்க்கெட் தீக்கு இரையாயிற்று. ஒரு நாள், அட்டை பிய்ந்த கணிதப் புத்தகங்களின் அடியில் ஓர் ஆங்கில நூல் கிடந்தது. பி. எச். கிளார்க் என்னும் ஆங்கிலேய வீரர் எழுதி 1961-இல் வெளிவந்த 'மிகயில் டாலின் சிறந்த சதுரங்க ஆட்டங்கள்' அது. கையில் இருந்த காசில் பேருந்துக் கட்டணம் போக மீதியைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் படித்துக்கொண்டே விடுதிக்கு வந்தேன்.

படித்தேன் என்று சொன்னேனே தவிர, முதல் வாரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரணம் அந்நூலின் குறியீட்டு முறை. இக்காலத்தில் பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாக ஒரே பெயர்தான் உண்டு. அக்கால ஆங்கில நூல்களில் அப்படி இல்லை. வெள்ளைக்காரர் தம் பக்கத்திலிருந்து எண்ணுவார். கறுப்புக்காய் ஆடுபவர் தம் பக்கத்திலிருந்து எண்ணுவார். ஆகவே ஒரே கட்டம் ஒருவருக்கு நான்காம் கட்டம், மற்றவருக்கு ஐந்தாம் கட்டம். மேலே 'வெள்ளைக்காரர்' என்றது வெள்ளைக்காய் ஆடுபவரை, ஆங்கிலேயரை அன்று! கட்டம் ஒன்று, பெயர் இரண்டு. தலை சுற்றியது. ஆனால் பழகப் பழக அம்முறையில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. ஒரு மனிதரைப் பற்றிப் பிறர் எழுதும் நூலும், அவரே எழுதும் நூலும் அப்படிப்பட்டவை அல்லவா? நிற்கும் இடம் ஒன்றே. எண்ணத் தொடங்கும் பக்கம் வேறு. இரு பக்கத்திலிருந்தும் எண்ணிப் பார்த்தவனுக்கே அந்த இடம் நன்கு விளங்கும்.

கிளார்க் எண்ணுவது பலகையின் எதிர்ப்பக்கத்திலிருந்து. டாலின் ஆட்டத்தில் உலகம் மயங்கிக் கிடந்த காலத்தில் எழுதப்பட்ட நூல் அது. டால் தம் குதிரையையும் யானையையும் மனம் துணிந்து பலிகொடுப்பார். எதிரியின் அரசன் வெட்டவெளிக்கு வந்து அலைவான். பார்ப்பவர் கைதட்டுவர். கிளார்க்கும் அந்த அழகைப் போற்றுகிறார். ஆயினும் மயங்கிவிடவில்லை. தோற்றவர் எந்த இடத்தில் எந்தக் காயை நகர்த்தியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று பொறுமையாக ஆராய்கிறார். பின்னாளில் இதே ஆசிரியர் டிக்ரான் பெத்ரோசியானைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். பெத்ரோசியானோ தற்காப்புக்குப் பெயர்பெற்றவர். டாலுக்கு நேர்மாறான இயல்பினர். இரு வேறு இயல்புகளையும் மதிக்கத் தெரிந்தவர் எழுதியதால் அந்நூலில் புகழ்ச்சியும் அளவோடு இருக்கிறது, குறைகூறலும் அளவோடு இருக்கிறது. திறனாய்வு என்றால் என்ன என்பதை நான் இலக்கிய வகுப்பில் கற்றுக்கொண்டதைவிட அந்த நூலில் கற்றுக்கொண்டதே மிகுதி.

இரண்டாவது நூல் டாலே எழுதியது. 'டால் – பொத்வின்னிக் 1960' என்பது அதன் பெயர். 1960-ஆம் ஆண்டு மார்ச்சு 15 முதல் மே 7 வரை மாஸ்கோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் கதை அது. இருபத்தோர் ஆட்டங்கள். டால் வென்றவை 6, தோற்றவை 2, சமமானவை 13. மொத்தத்தில் பன்னிரண்டரைக்கு எட்டரை.

வென்றவன் எழுதும் கதை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். தொடக்கம் முதலே எல்லாம் தான் திட்டமிட்டபடி நடந்ததாகவே எழுதுவான். இந்நூல் அப்படிப்பட்டது அன்று. ஆட்டத்துக்கு முன் தாம் எதை எதிர்பார்த்தார், எந்த நகர்த்தலுக்குப் பின் கலங்கினார், எதிரி கண்ட வழியைத் தாம் எங்கே காணத் தவறினார் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறார். ஏழு ஆட்டங்கள் முடிந்தபோது மூன்று வெற்றிகளோடு முன்னணியில் நின்றவர், எட்டாவதையும் ஒன்பதாவதையும் அடுத்தடுத்துத் தோற்றார். வென்ற பக்கங்களை எழுதிய அதே கை, அதே விரிவோடு, அந்தத் தோல்விப் பக்கங்களையும் எழுதியிருக்கிறது.

அந்நூலில் நான் பலமுறை திரும்பப் படித்த பகுதி ஆறாவது ஆட்டம். டாலுக்குக் கறுப்புக்காய். இருபத்தோராவது நகர்த்தலில் தம் குதிரையை எதிரி எளிதாக வெட்டக்கூடிய ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். கூடியிருந்தோரிடையே எழுந்த ஆரவாரம் அடங்கவில்லை. ஆட்டத்தை மேடையிலிருந்து அகற்றி, உள்ளே ஓர் அறைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. அந்த ஆட்டத்தை டால் வென்றார். பின்னர் அறிஞர்கள் அமைதியாக அமர்ந்து ஆராய்ந்தபோது, அந்தக் குதிரைப் பலிக்குத் தக்க மறுமொழி இருந்தது என்று கண்டனர். பொத்வின்னிக் சரியான வழியைப் பிடித்திருந்தால் டாலின் நிலை இடர்ப்பட்டிருக்கும்.

டால் இதனை மறுக்கவில்லை. அமைதியான வேறு நகர்த்தல்களைச் செய்திருந்தால் தம் காய்கள் நெருக்கடியில் சிக்கிப் பயனற்று நின்றிருக்கும் என்றும், ஆகவே அவ்வழியைத் தேர்ந்ததாகவும் விளக்குகிறார். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கூர்ந்து கேளுங்கள். 'நான் செய்தது சரி' என்று சொல்வது வேறு. 'அந்த நேரத்தில், எனக்குத் தெரிந்த அளவில், அதனைச் செய்ய எனக்குக் காரணம் இருந்தது' என்று சொல்வது வேறு. முன்னது தற்பெருமை. பின்னது வாக்குமூலம். நம் வாழ்க்கையின் முடிவுகளைப் பற்றி நாம் நேர்மையாகச் சொல்லக்கூடியது பெரும்பாலும் பின்னதே.

மூன்றாவது நூல் 1976-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 'மிகயில் டாலின் வாழ்வும் ஆட்டங்களும்' என்பது அதன் பெயர். இதனையும் டாலே எழுதினார். ஆனால் அமைப்பு புதுமையானது. செய்தியாளர் ஒருவர் கேள்வி கேட்கிறார். சதுரங்க வீரர் ஒருவர் விடை சொல்கிறார். கேட்பவரும் டால், விடை சொல்பவரும் டால். பல ஆண்டுகள் ரீகாவில் ஒரு சதுரங்க இதழின் ஆசிரியராக இருந்தவர் அவர். ஆகவே இரு வேடமும் அவருக்குப் பொருந்தும். தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்துகொள்ளும் தன்வரலாறு என்று இதனைச் சொல்லலாம்.

சிறுவயதில் உறவினன் ஒருவன் நான்கே நகர்த்தலில் தம்மைத் தோற்கடித்த கதையிலிருந்து நூல் நடக்கிறது. இதில்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் அந்த நீர்யானை வருகிறது.

கீவ் நகரில் நடந்த சோவியத் வாகையர் போட்டியில் வசியுக்கோவ் என்னும் வீரரோடு டால் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு குதிரையைப் பலிகொடுக்கலாமா என்னும் நிலை. கணக்கிடத் தொடங்கினார். ஒரு வழி பத்தாகக் கிளைத்தது, பத்து நூறாகக் கிளைத்தது. தலைக்குள் ஒரே குவியல். அப்போது எக்காரணமும் இன்றி, சுகோவ்ஸ்கி என்னும் குழந்தைக் கவிஞரின் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. சேற்றில் விழுந்த நீர்யானையை வெளியே இழுப்பது எத்தனை கடினம் என்பது அதன் பொருள். உடனே டாலின் மனம் பலகையை விட்டுவிட்டு நீர்யானையைப் பற்றிக்கொண்டது. நெம்புகோல் வைத்துத் தூக்கலாமா? ஹெலிகாப்டர் கொண்டு இழுக்கலாமா? நூலேணி உதவுமா? எவ்வளவு எண்ணியும் வழி தோன்றவில்லை. கடைசியில், 'போகட்டும், மூழ்கித் தொலையட்டும்' என்று கைவிட்டார். நீர்யானை மறைந்தது. பலகையைப் பார்த்தால் நிலைமை முன்பு தோன்றிய அளவு சிக்கலாக இல்லை. எல்லா வழிகளையும் கணக்கிட்டு முடிப்பது இயலாத செயல் என்பதும், இந்தப் பலி உள்ளுணர்வை நம்பிச் செய்ய வேண்டியது என்பதும் தெளிவாயின. குதிரையைக் கொடுத்தார், ஆட்டத்தை வென்றார். மறுநாள் செய்தித்தாள், டால் நாற்பது நிமிடம் ஆழ்ந்து சிந்தித்து, துல்லியமாகக் கணக்கிட்டுக் காயைப் பலிகொடுத்தார் என்று எழுதியது. அதைத் தாம் மகிழ்ச்சியோடு படித்ததாக டால் சொல்கிறார்.

இதனைப் படித்தபோது முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு எனக்கு ஒரு மாணவன் முகம் நினைவுக்கு வந்தது; சிரிப்பு நின்றுவிட்டது. அதனை உங்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஒன்பதாம் வகுப்பில் வடிவியல் பாடம். கரும்பலகையில் வட்டமும் முக்கோணமும் கொண்ட ஒரு கணக்கை வரைந்து முடித்துத் திரும்புவதற்குள், பின்வரிசை மாணவன் ஒருவன் கோணத்தின் அளவைச் சொல்லிவிட்டான். விடை சரி. "எப்படி வந்தது?" என்று கேட்டேன். "தோன்றியது ஐயா" என்றான். "தோன்றியதற்கெல்லாம் கணிதத்தில் மதிப்பெண் கிடையாது, படி எழுதாதவன் விடை சொல்லக்கூடாது" என்று கடிந்து, வகுப்பு முடியும்வரை நிற்கவைத்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் பிறகு கை உயர்த்தவில்லை. அதனை நான் கவனிக்கவும் இல்லை. கோடை விடுமுறையில் இந்த நூலைப் படித்தபோதுதான் கவனித்தேன். சூன் மாதம் பள்ளி திறந்தது. அவன் பத்தாம் வகுப்பில் என்னிடமே வந்தான். ஒரு கணக்கை வரைந்து, அவனைப் பெயர் சொல்லி அழைத்து, "உனக்கு என்ன தோன்றுகிறது, சொல்" என்று கேட்டேன். எழுந்து நின்றான். சற்று நேரம் பலகையைப் பார்த்தான். "தெரியவில்லை ஐயா" என்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது என்றே இன்றும் நம்புகிறேன்.

டாலுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது. நீர்யானையைப் பற்றி அவர் எண்ணியதை எவரும் தடுக்கவில்லை. நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிடமும் கொடுக்கவில்லை. 'தோன்றியது' என்பது சோம்பேறியின் விடை என்று நான் தவறாக எண்ணியிருந்தேன். பலகையை ஆயிரம் முறை பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தோன்றுவது, பாதி வழி வந்துவிட்ட அறிவு. மீதிப் பாதியை நடக்கச் சொல்லிக்கொடுப்பதே ஆசிரியன் கடமை. அதன் பின்னர் என் வகுப்புகளில் கணக்கு ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் ஒரு கோடு போடச் சொன்னேன். கோட்டுக்கு அப்பால், கணக்கைத் தொடங்குமுன் விடை என்னவாக இருக்கும் என்று தோன்றியதை எழுத வேண்டும். கோட்டுக்கு இப்பால் படிகளோடு செய்து காட்ட வேண்டும். இரண்டும் ஒத்தால் மகிழ்ச்சி. ஒவ்வாவிட்டால் எங்கே பிசகியது என்று பார்ப்போம். அந்த ஓரத்தில் எழுதியதற்கு நான் ஒரு நாளும் மதிப்பெண் குறைத்ததில்லை.

ஆனால் மாணவர்களே, இங்கே நான் நிறுத்திக்கொண்டால் உங்களுக்குத் தீங்கு செய்தவன் ஆவேன். 'டாலே கணக்கிடாமல் ஆடினார். நாமும் தோன்றியதை எழுதிவிட்டு வரலாம்' என்று யாரேனும் எண்ணிவிடக்கூடாது. அதற்கு மருந்தாக 1961-ஆம் ஆண்டைச் சொல்கிறேன்.

அக்கால விதிப்படி, தோற்ற வாகையருக்கு மறுபோட்டி கேட்கும் உரிமை இருந்தது. பொத்வின்னிக் கேட்டார். அவருக்கு அப்போது வயது 49. டாலை விட ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு மூத்தவர். உலகம் அவர் கதை முடிந்தது என்றே எண்ணியது. அவரோ ஓராண்டு அமர்ந்து, தம்மைத் தோற்கடித்த இளைஞரின் ஆட்டங்களைப் பாடம் படிப்பதுபோல் படித்தார். காய்கள் எதிரெதிரே மோதிச் சிதறும் நிலைகளில் டாலின் கற்பனைக்கு ஈடுகொடுக்க இயலாது. அரசிகள் வெட்டுப்பட்டு, காய்கள் குறைந்து, பொறுமையே வெல்லும் நிலைகளுக்கு ஆட்டத்தை இழுத்துச் செல்லவேண்டும் என்று கண்டார். அப்படியே செய்தார். பொத்வின்னிக் வென்றவை 10, டால் வென்றவை 5, சமம் 6. பட்டம் பழையவரிடம் திரும்பிச் சென்றது. டாலின் உடல்நிலை அப்போது நன்றாக இல்லை என்பதும் உண்மையே. ஆயினும் பொத்வின்னிக்கின் உழைப்பை அதனால் குறைத்து மதிப்பிடுவது நேர்மை ஆகாது. அந்த மறுபோட்டியைப் பற்றிப் பொத்வின்னிக் எழுதிய நூலையும் டால் எழுதிய 1960 நூலையும் அடுத்தடுத்துப் படிப்பவனுக்குக் கிடைக்கும் கல்வி பெரிது. ஒன்றில் தோன்றுதலின் ஆற்றலைக் காண்கிறோம். மற்றொன்றில் தேர்ந்து தெளிதலின் ஆற்றலைக் காண்கிறோம்.

டாலும் அந்தப் பாடத்தைக் கற்றார் என்பதற்குச் சான்று உண்டு. துணிச்சல்காரர் என்று பெயரெடுத்த அவர், 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து 95 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் ஆடினார். 46 வெற்றி, 49 சமம். 2018-இல் சீன வீரர் டிங் லிரென் 100 ஆட்டங்களை எட்டும்வரை அந்த அளவை யாரும் தாண்டவில்லை. பலிகொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் என்று பெயர் வாங்கியவருக்கு இது எப்படிக் கைகூடியது? எங்கே பாயவேண்டும், எங்கே காத்திருக்கவேண்டும் என்று அறிந்ததால் கைகூடியது.

அவர் வாழ்வில் நோய் விட்டு நீங்கவே இல்லை. சிறுநீரக நோய் அவரை வாட்டியது. 1962-இல் குராசாவோ தீவில் நடந்த தகுதிப் போட்டியில் பாதியிலேயே விலகி மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்கு ஆட்டங்களிலும் அவரிடம் தோற்ற ஃபிஷர், அங்கே அவர் படுக்கையருகே சென்று பார்த்தார். 1969-இல் ஒரு சிறுநீரகத்தை அகற்றினார்கள். இவ்வளவையும் கடந்து, 1988-இல், ஐம்பத்தொரு வயதில், கனடா நாட்டில் நடந்த உலக விரைவுச் சதுரங்கப் போட்டியில் முதல்வரானார். கஸ்பரோவும் கார்ப்போவும் கலந்துகொண்ட போட்டி அது.

நான்காவதாக ஒரு நூலைக் குறிப்பிட்டு முடிக்கிறேன். தாம்ஸ்கி என்னும் செய்தியாளரோடு சேர்ந்து டால் ஆக்கிய நூல் அது. 'மிகயில் டாலுடன் தாக்குதல்' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் அது 1994-இல் வெளிவந்தபோது டால் இல்லை. எதிரியின் அரசனை எப்படி நெருங்குவது என்று முறைப்படுத்திக் கற்பிக்கும் பாடநூல். தோன்றியதை நம்பி ஆடியவர் என்று நாம் சொன்ன மனிதர், கடைசியில் தமக்குத் தோன்றியவற்றுக்கெல்லாம் படி எழுதிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பள்ளி ஆசிரியராக அவர் இருந்த சில காலம் வீண்போகவில்லை.

இந்நூல்களை எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். நான் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். பலகையை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகர்த்தலைப் படித்ததும், அடுத்தது என்னவாக இருக்கும் என்று எண்ணி, தனித்தாளில் எழுதுங்கள். பிறகு தாளைக் கீழே இறக்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடியும். உங்கள் தாளில் பெரும்பாலானவை தவறாக இருக்கும். அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள், தேதியிட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்டத்தை மறுபடி பாருங்கள். சதுரங்கம் தெரியாதவர்கள் கணிதத்துக்கும், அறிவியலுக்கும், வரலாற்றுக்கும் இம்முறையையே கையாளலாம். ஆசிரியர் விடை சொல்லுமுன் நீங்கள் ஒரு விடையை எண்ணிவிடுங்கள். அது தவறாகவே இருக்கட்டும். எண்ணாமல் கேட்ட சரியான விடையைவிட, எண்ணிப் பிழைத்த விடை உங்களுக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.

இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்கள் சிலரும் இருக்கக்கூடும். அவர்களிடம் ஒரே வேண்டுகோள். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை "தோன்றியது" என்று சொன்னால், "அப்படியா, வா, அது எங்கிருந்து வந்தது என்று நாம் இருவரும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறினேன்.

1992 மே மாதக் கடைசியில், மாஸ்கோவில் ஒரு விரைவுச் சதுரங்கப் போட்டி நடந்தது. டால் அப்போது மருத்துவமனையில் இருந்தார். அங்கிருந்து புறப்பட்டு வந்து அப்போட்டியில் ஆடினார். உலக வாகையராக இருந்த கஸ்பரோவை ஓர் ஆட்டத்தில் வென்றார். சரியாக ஒரு மாதம் கழித்து, சூன் 28-ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். அவர் நூல்கள் இருக்கின்றன. மூர் மார்க்கெட்டில் வாங்கிய கிளார்க்கின் நூலை இரண்டு முறை புது அட்டை கட்டி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். குறியீட்டைப் பார்த்துத் திகைத்து, ஒரு கட்டத்துக்கு ஏன் இரண்டு பெயர் என்று அவர்கள் கேட்கும்போது, அதற்கு விடை சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.